வாரத்துக்கு இரண்டு பவுண்டு

1984 டிசம்பர். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட்டில் உள்ள சால்வே ரெஜினா கல்லூரி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி ஷரன் ரஸ்ஸல் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார். வாரம் குறைந்தது இரண்டு பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம், எடை இறங்க வேண்டும். வெயிட் வாட்சர்ஸ் என்ற எடைக்குறைப்பு நிறுவனத்தின் கூட்டத்துக்கு வாராவாரம் போக வேண்டும். போனதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இதற்கெல்லாம் சம்மதித்தால் படிப்பைத் தொடரலாம். கூட்டத்துக்குப் போனார். எடைதான் சொன்னபடி இறங்கவில்லை. 1985 ஆகஸ்டில் விலகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் வழக்குப் போட்டார். கல்லூரி ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று ஜூரி சொன்னது. இழப்பீடு, வட்டியோடு சேர்த்து, ஏறத்தாழ 44 ஆயிரம் டாலர். 1991இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே பேசப்பட்டது வேறு விஷயம்: மாநிலச் சட்டத்துக்கு மாவட்ட நீதிபதி சொல்லும் பொருளை மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியே ஏற்கலாமா, தானே புதிதாக ஆராய வேண்டுமா என்பது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிப்பது அதற்காகத்தான். மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி ஆராய்ந்த பிறகும் தீர்ப்பு ரஸ்ஸல் பக்கமே நின்றது.

எல்லாரும் அந்த எடை ஒப்பந்தத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய படி முக்கியம். ஒரு செய்முறைப் பாடத்தில் ஆசிரியர் அவரை ஃபெயில் ஆக்கினார். வேலையில் குறை கண்டு அல்ல, எடையைப் பார்த்துத்தான் என்பது ஜூரியின் முடிவு. செய்முறையில் ஃபெயில் என்றால் பொதுவாக வெளியேற்றம் என்பது துறையின் விதி. அந்த வெளியேற்றத்துக்குப் பதிலாக நீட்டப்பட்டதுதான் அந்தத் தாள். அதற்கும் முன்னால், பருத்த நோயாளிகளை எப்படிக் கவனிப்பது என்று வகுப்பில் செய்து காட்ட அவருடைய உடம்பையே மாதிரியாக நிறுத்தியிருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு 'உருவக்கேலி' என்ற சொல் இப்போது நன்றாகப் புழங்குகிறது. நல்ல சொல்தான். ஆனால் அது பிரச்சினையை வாய்க்குள் அடைத்துவிடுகிறது. பேசாமல் இருந்தால் போதும், 'குண்டு' என்று கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று தோன்றவைக்கிறது. ரஸ்ஸலின் ஆசிரியர் ஒரு வார்த்தை கேலி பேசியிருக்கத் தேவையில்லை. மதிப்பெண் பட்டியல் போதும். பல்கலைக்கழகத்தில் எடைப் பாகுபாடு பெரும்பாலும் படிவத்திலும் நாற்காலியிலும் நேர்காணல் அறையிலும்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர்கள் கை வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

மனசை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். ஹார்வர்டைச் சேர்ந்த டெஸ்ஸா சார்ல்ஸ்வொர்த்தும் மஹ்சரின் பனாஜியும் 2007 முதல் 2016 வரை இணையத்தில் எடுக்கப்பட்ட 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். மனசுக்குள் ஒளிந்திருக்கும் சாய்வைப் பார்க்கும் சோதனை. ஓரினச் சேர்க்கையாளர் மீதான சாய்வு நன்றாகக் குறைந்திருந்தது. நிறம் சார்ந்ததும் குறைந்திருந்தது. உடல் எடை மீதான சாய்வு மட்டும் அந்தக் காலத்தில் மோசமாகியிருந்தது. மனசு மாறும்வரை காத்திருந்தால் இப்போது படிக்கிற பிள்ளைகள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள்.

முதலில் சேர்க்கை. 1966இலேயே கேனிங், மேயர் என்ற இருவர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள்: பருத்த மாணவர்களும் மற்றவர்களும் ஒரே அளவு விண்ணப்பிக்கிறார்கள், மதிப்பெண்ணிலும் வித்தியாசமில்லை, ஆனால் பெயர்பெற்ற கல்லூரிகளில் பருத்தவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இடம் குறைவாகக் கிடைக்கிறது. 2013இல் பௌலிங் கிரீன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உளவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த 97 பேரைப் பார்த்தார்கள். நேரில் நேர்காணலுக்குப் போன இடங்களில், பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) கூடக் கூட, இடம் தரும் கடிதம் குறைந்தது. தொலைபேசியில் நேர்காணல் நடந்த இடங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. மொத்த விஷயமும் இதில் இருக்கிறது. ஆளைப் பார்த்தால் சாய்கிறது, குரலை மட்டும் கேட்டால் சாயவில்லை.

அதே 2013 ஜூனில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜெஃப்ரி மில்லர் ட்விட்டரில் இதை வெளிப்படையாகவே எழுதினார். கார்போஹைட்ரேட் சாப்பிடுவதை நிறுத்த மனவுறுதி இல்லாதவர்களுக்கு ஆய்வேடு எழுதவும் மனவுறுதி இருக்காது என்ற பொருளில். பிறகு, அது ஓர் ஆராய்ச்சியின் பகுதி என்றார். பல்கலைக்கழகம் விசாரித்து, ஆராய்ச்சியும் இல்லை ஒன்றும் இல்லை என்று முடிவுசெய்து கண்டித்தது. முனைவர் படிப்புச் சேர்க்கைக் குழுவிலிருந்தும் விலக்கி வைத்தது. அந்தத் தண்டனையில் சரியான பகுதி கடைசியில் சொன்னதுதான். மன்னிப்புக் கேட்கவைப்பதைவிட, முடிவெடுக்கும் மேசையிலிருந்து நகர்த்துவது உருப்படியான காரியம்.

துறையில் சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் செய்யக்கூடியது இதுதான். முதல் சுற்று தாளிலும் தொலைபேசியிலும் மட்டும். வீடியோ அழைப்பு வேண்டாம். முகம் தெரிந்தால் பாதிக் காரியம் கெட்டது. எல்லாருக்கும் ஒரே ஐந்து கேள்வி, முன்கூட்டியே எழுதி வைத்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அந்த நிமிடமே தனித்தனியாக மதிப்பெண். ஒருவரோடொருவர் பேசுவது அதற்குப் பிறகு. 'சுறுசுறுப்பு', 'கட்டுப்பாடு', 'தோற்றப் பொலிவு', 'நம்ம துறைக்குப் பொருந்துவார்' போன்ற சொற்களைக் குறிப்பில் எழுதினால், விண்ணப்பத்தின் எந்த வரியிலிருந்து அது தெரிந்தது என்று அருகிலேயே எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் அடித்துவிட வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கோட்டைவிடுகிற இடம் மதியச் சாப்பாடு. விண்ணப்பதாரரைப் பேராசிரியர்கள் சாப்பிட அழைத்துப் போவார்கள், வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். தட்டில் என்ன இருந்தது, மூன்றாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதா என்பதெல்லாம் யாரும் எழுதாத மதிப்பெண்ணாகச் சேரும். சாப்பாட்டுக்கும் சுற்றிக் காட்டவும் போகிறவர்களுக்கு ஓட்டு கூடாது. லிஃப்டில் போகலாம், தவறில்லை.

அடுத்தது விதிகள். பென்சில்வேனியாவில் லிங்கன் பல்கலைக்கழகம் 1854இல் தொடங்கிய, கறுப்பின மாணவர்களுக்கான பழைய நிறுவனம். 2006இல் சேர்ந்தவர்களிலிருந்து அங்கே ஒரு விதி: பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடற்பயிற்சிப் பாடம் ஒன்றை முடித்தால்தான் பட்டம். 2009 நவம்பரில், அந்தத் தொகுதி கடைசி ஆண்டுக்கு வந்தபோது, பாடத்தை முடிக்காதவர்கள் ஏறத்தாழ 80 பேர் என்று தெரிந்து விஷயம் ஊடகத்துக்கு வந்தது. டிசம்பரில் ஆசிரியர்கள் கூடி ஓட்டுப் போட்டுக் கட்டாயத்தை நீக்கினார்கள்.

நோக்கம் கெட்டதல்ல. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் கறுப்பின அமெரிக்கர்களிடையே அதிகம் என்ற கவலையில் வந்த விதி. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 160 செ.மீ. உயரமுள்ள மாணவி 76 கிலோ இருந்தால் பிஎம்ஐ 29.7. விதி அவரைத் தொடாது. 77 கிலோ என்றால் 30.1, பட்டம் நிற்கும். ஒரு கிலோ வித்தியாசம், அதுவும் காலையில் எடை பார்த்தால் ஒன்று, மாலையில் பார்த்தால் ஒன்று. 76 கிலோக்காரி நாளெல்லாம் கட்டிலில் படுத்திருக்கலாம், 77 கிலோக்காரி தினமும் நீச்சலுக்குப் போகலாம். விதிக்கு அது தெரியாது. ஆரோக்கியம்தான் குறி என்றால் பாடத்தை எல்லாருக்கும் வைத்திருக்க வேண்டும். சிலரை மட்டும் பிரித்து நிறுத்தியதும் அது பாடமாக இல்லாமல் அபராதம் ஆகிவிட்டது.

இந்த மாதிரி விதி இன்றும் பல கல்லூரிகளில் பல பெயரில் இருக்கும். கண்டுபிடிப்பது எளிது. பாட விவரக் கையேடு, துறைக் கையேடு, மருத்துவமனைப் பயிற்சிப் படிவம், விடுதிப் படிவம், உதவித்தொகை நிபந்தனை எல்லாவற்றையும் கணினியில் திறந்து 'எடை', 'பிஎம்ஐ', 'உடற்தகுதி', 'தோற்றம்' என்ற சொற்களைத் தேடுங்கள். ஒரு மதியத்து வேலை. கிடைக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இது எந்த வேலையைப் பாதுகாக்க வந்தது? பதில் இருந்தால், உடம்பைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு வேலையைப் பற்றிய வரியை எழுத வேண்டும். உதாரணமாக நர்சிங்கில் 'தகுந்த உடலமைப்பு' என்று இருக்கும் இடத்தில்: 'பெரியவர் அளவு பொம்மையில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, இரண்டு நிமிடம் விடாமல் நெஞ்சை அழுத்த முடிய வேண்டும்.' ஒல்லியானவரும் இதில் தோற்கலாம், பருத்தவரும் ஜெயிக்கலாம். அதுதான் சரியான தேர்வு. பதில் இல்லாத வரியை ஆசிரியர் மன்றத்துக்குக் கொண்டுபோய் நீக்க வேண்டும். லிங்கனில் நடந்ததை மறக்காதீர்கள்: நீக்கியது நீதிமன்றம் அல்ல, ஆசிரியர்களின் ஓட்டு.

நாற்காலிக்கு வருகிறேன். வலது கைப்பக்கம் எழுதும் பலகை ஒட்டிய நாற்காலி, நம் ஊர்க் கடைகளில் ரைட்டிங் பேட் சேர் என்று விற்பது, உலகம் முழுக்க வகுப்பறைகளை நிறைத்திருக்கிறது. இடக்கைக்காரர்களுக்கு அது செய்யும் கொடுமை தனி. பருத்த மாணவருக்கு அது மூன்று இடத்தில் இடிக்கும்: நாற்காலியின் இரண்டு கைகளுக்கு நடுவே இடுப்பு, பலகையின் உள்விளிம்புக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே வயிறு, பலகைக்குக் கீழே தொடை. கடைக்காரர் சொல்லும் அளவு இருக்கையின் அகலம். இடிப்பது இருக்கை அல்ல. ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு போய் இந்த மூன்று இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். கொள்முதல் பிரிவில் 'வசதியாக இல்லை' என்றால் கேட்கமாட்டார்கள். செ.மீ. கணக்கு இருந்தால் கேட்பார்கள்.

தாங்கும் எடையையும் பாருங்கள். அமெரிக்க அலுவலக நாற்காலிகளுக்குப் பிஃப்மா என்ற தயாரிப்பாளர் சங்கம் வகுத்த தர அளவு 275 பவுண்டு, சுமார் 125 கிலோ வரைக்கும் கணக்குப் பண்ணியது. 400 பவுண்டு, சுமார் 181 கிலோ வரைக்கும் வேறொரு தரம் உண்டு. வாங்கும்போது இரண்டாவதைக் கேட்டு எழுத வேண்டும், சும்மா 'உறுதியான நாற்காலி' என்று எழுதினால் முதலாவதுதான் வரும்.

அறுபது பேர் அறைக்கு நான்கு கையில்லா நாற்காலியும் தனி மேசையும் போதும் என்பது என் கணக்கு. எங்கே போடுவது என்பதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். நான்கையும் கடைசி வரிசையில் போட்டால் அது ஒதுக்கிவைத்த மூலை. முன்னால் ஒன்று, நடுவில் நடைபாதையை ஒட்டி இரண்டு, கதவருகே ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். 'ஒதுக்கப்பட்டது' என்று அட்டை வைக்காதீர்கள். அட்டை வைத்த நாற்காலியில் உட்காருவதைவிட வெளியே நின்று கேட்பதே மேல் என்று அந்தப் பிள்ளை நினைக்கும். யார் வேண்டுமானாலும் உட்காரட்டும். ஒல்லியான மாணவர்களும் அதில் உட்கார்ந்தால்தான் அது சாதாரண நாற்காலி. இரண்டு வாரத்தில் துப்புரவுப் பணியாளர்கள் அதைப் பக்கத்து அறைக்கு நகர்த்தியிருப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அறையின் வரைபடம் அவர்களுக்குத் தரப்படவில்லை. அந்தப் படத்தைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

பாடத்திட்டத் தாளில் ஒரு வரி சேர்க்கலாம்: இருக்கை, களப்பயண வண்டி, ஆய்வக அங்கியின் அளவு, எதில் மாற்றம் வேண்டுமானாலும் ஒரு மின்னஞ்சல் போதும், காரணம் எழுத வேண்டாம். 'காரணம் எழுத வேண்டாம்' என்பதுதான் அந்த வரியின் உயிர்.

நர்சிங், மருத்துவ ஆய்வகத்தில் நாற்காலியைவிட அவசரமான பொருள் ஒன்று உண்டு. பி.பி. பார்க்கும் கைப்பட்டை. வழக்கமான பெரியவர் பட்டை 27 முதல் 34 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. 35 முதல் 44 வரை பெரிய பட்டை. 45 முதல் 52 வரை அதைவிடப் பெரியது. சிறிய பட்டையைப் பெரிய கையில் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான பட்டையைச் சுற்றியபோது மேல் அளவு சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. இல்லாத ரத்தக் கொதிப்பை உண்டாக்க இது போதும். மாணவர்கள் ஒருவருக்கொருவர் பி.பி. பார்த்துப் பழகும் வகுப்பில் ஒரே ஒரு பட்டைதான் இருக்கிறது, ஒரு பெண்ணின் கையில் மட்டும் அது பிய்த்துக்கொண்டு கழல்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள். அங்கே பட்டை சின்னது என்று யாரும் சொல்வதில்லை. கை பெரியது என்றுதான் சொல்வார்கள். மூன்று அளவும் மேசையில் இருக்கட்டும். பாடத்தின் முதல் படி எல்லாருடைய மேல்கையையும் டேப்பால் அளப்பது என்று வையுங்கள். அளப்பதைச் சொல்லிக்கொடுத்தால் நல்ல நர்ஸும் கிடைப்பார், யாருக்கும் அவமானமும் இல்லை.

வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாணவர்களின் சொந்த உடம்பைப் பாடப்பொருள் ஆக்காதீர்கள். புள்ளியியல் வகுப்பில் எல்லாரும் தங்கள் எடையையும் உயரத்தையும் எழுதிக் கொடுத்து சராசரி காண்பது பழைய பயிற்சி. அதற்குப் பதில் அமெரிக்க அரசின் தேசிய உடல்நல ஆய்வுத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, ஆயிரக்கணக்கான ஆட்களோடு. சத்துணவு வகுப்பில் மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பேடு எழுதச் சொல்வது இன்னும் ஆபத்து. உணவுக் கோளாறிலிருந்து மீண்டு வருகிற மாணவரைப் பழைய குழியில் தள்ளும். கற்பனை நபர் ஒருவரின் மூன்று நாள் சாப்பாட்டைக் கொடுத்தால் கணக்கு அதேதான்.

பிஎம்ஐயைப் பாடமாக நடத்த விரும்பினால் அதன் வரலாற்றை நடத்துங்கள். பெல்ஜிய வானியலாளர் கெட்லே 1830களில் மக்கள்தொகையின் சராசரியைக் காணப் போட்ட கணக்கு. தனி ஆளுக்கு வைத்தியம் பார்க்க அல்ல. 1972இல் ஆன்செல் கீஸ் அதற்கு இந்தப் பெயரைப் பரப்பினார். 1998 வரை அமெரிக்காவில் ஆண்களுக்கு 27.8க்கு மேல் போனால்தான் கூடுதல் எடை. அந்த ஆண்டு எல்லையை 25க்கு இறக்கினார்கள். 170 செ.மீ., 75 கிலோ உள்ள ஆண் ஒருவர் இரவு இயல்பான எடையோடு தூங்கிக் காலையில் கூடுதல் எடையோடு எழுந்தார். அவரே இந்தியா வந்தால் 2009இல் இங்கே வகுத்த அளவுப்படி 25க்கு மேல் உடல் பருமன். மூன்று எல்லையையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, எல்லைக்கோட்டை யார் எதற்காகப் போடுகிறார்கள் என்று கேட்டால் வகுப்பு தானே நடக்கும்.

பருத்த உடலின் கனத்தை உணரவைக்க மாணவர்களுக்குப் பஞ்சு அடைத்த உடுப்பை மாட்டிவிடும் பயிற்சியை நான் பரிந்துரைக்கமாட்டேன். புழுக்கமும் குனிய முடியாத சிரமமும்தான் அதில் தெரியும். ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடலாம் என்று தெரிந்த உடம்பில் பரிதாபம் பிறக்கும், வேறொன்றும் பிறக்காது. எடைக்குக் காரணம் மரபணு என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதும் பாதி மருந்துதான். 'அவர் தப்பில்லை' என்பார்கள். பக்கத்தில் உட்காரப் பிடிக்காமலே இருப்பார்கள்.

எதிர்ப்பு எப்போதும் ஒரே வடிவத்தில் வரும்: 'அப்ப உடம்பு வைக்கிறது நல்லதுன்னு சொல்றீங்களா?' இதற்குக் கோபப்படாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். 2015இல் இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகளின் தரவில், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ 60 சதவீதம் அதிகமாக இருந்தது, பிஎம்ஐயைக் கணக்கில் எடுத்த பிறகும். இது தொடர்புதான், காரணம் என்று நிரூபணமில்லை; அதையும் சேர்த்தே சொல்லுங்கள். எடையைப் பற்றி என்ன கருத்து வைத்திருந்தாலும், அவமானப்படுத்துவது வைத்தியம் இல்லை என்பதில் மருத்துவர்களும் சேர்ந்துவிட்டார்கள். 2020இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த கூட்டறிக்கை அதைத்தான் சொல்கிறது. அதே நேரம், பருத்த உடலை நோய் என்று அழைப்பதே இழிவு என்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இந்தச் சண்டையை மாணவர்களிடம் மறைக்காதீர்கள்.

சொல் விஷயத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி. நியூசிலாந்தின் மாஸ்ஸி பல்கலைக்கழகத்தில் இருந்த கேட் பௌசே போன்றவர்கள் 'ஃபேட்' என்ற சொல்லையே உயரம், குட்டை போல வெறும் வர்ணனையாக எடுத்துப் பழக்கினார்கள். நமக்கு 'குண்டு' இன்னும் அடி. 'உடல் பருமன்' மருத்துவச் சீட்டு. 'உடம்பு போட்டிருச்சு' என்பது விசாரிப்பு மாதிரி வருகிற தீர்ப்பு. நான் 'பருத்த' என்று எழுதுகிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.

யார் நடத்துவது என்பதிலும் சிக்கல் உண்டு. பருத்த ஆசிரியர் நடத்தினால் சொந்த வழக்குக்கு வாதாடுகிறார் என்பார்கள். மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தில் அவர் உடம்பைப் பற்றியே எழுதுவார்கள். வேலை நிரந்தரமாகாதவர்கள் தனிப் பாடம் தொடங்க அவசரப்பட வேண்டாம். புள்ளியியலிலோ சட்டத்திலோ ஏற்கெனவே உள்ள பாடத்தில் இரண்டு வாரமாக நுழைப்பது பாதுகாப்பு.

மிச்சிகன் மாநிலம் 1976இல் இயற்றிய குடிமை உரிமைகள் சட்டத்தில் பாகுபாடு கூடாத காரணங்களின் பட்டியலில் உயரமும் எடையும் இருக்கின்றன. அதனால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பிலும் இரண்டும் இருக்கின்றன. நியூயார்க் நகரம் அதே இரண்டு சொல்லை 2023இல்தான் சேர்த்தது. சட்டம் இல்லாத ஊரிலும் பல்கலைக்கழகம் தன் பட்டியலில் தானே சேர்க்கலாம், ஆசிரியர் மன்றத்தில் முன்மொழிய ஒரு பக்கம் போதும். சேர்த்த பிறகு வேலை முடியவில்லை. ஒவ்வொரு ஆண்டும் யாராவது பழைய கோப்பைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றிப் புது விளம்பரம் அடிப்பார்கள். அந்த இரண்டு சொல்லும் காணாமல் போயிருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சேர்க்கை விளம்பரம், வேலை விளம்பரம், பாடத்திட்டத் தாள் மூன்றையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒருவரின் பெயரை மன்றத்தின் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள்.